காதை வைத்தால் கடிகாரச் சத்தம் கேட்குமா? சென்னையில் தலைவர்கள் உறங்கும் இடங்கள்: ஒரு சுற்று!

மெரினாவில் எந்த மாலை நேரத்தில் போனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம். பாட்டி மெதுவாகக் குனிந்து, எம்.ஜி.ஆர் சமாதியின் சலவைக்கல் மேல் காதை வைக்கிறார். பேரன் கையில் செல்போன், வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டியின் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. "கேக்குதா, கேக்குதா?" என்று சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ஆவலாகக் கேட்கிறார்கள்.

எம்.ஜி.ஆரை அவருடைய கைக்கடிகாரத்தோடு அடக்கம் செய்தார்கள், அது இன்னும் ஓடுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. எந்தக் கடிகாரமும் இத்தனை வருடம் சாவி கொடுக்காமல், பேட்டரி மாற்றாமல் ஓடாது என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். ஆனாலும் காதை வைக்காமல் ஊர் திரும்ப யாருக்கும் மனம் வராது!

சென்னைக்கு வருகிறவர்கள் பார்க்கும் 'டூரிஸ்ட் ஸ்பாட்' பட்டியலில் தலைவர்களின் சமாதிகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானோர் மெரினாவோடு நிறுத்திக்கொள்கிறோம். கிண்டி, வேப்பேரி, திருவல்லிக்கேணி, மூலக்கொத்தளம், ஓட்டேரி, கோயம்பேடு என்று இந்த நகரத்தில் அரசியல் தலைவர்கள் உறங்கும் இடங்கள் பல திசைகளில் இருக்கின்றன. யாருக்கு எங்கே இடம் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்தால், தமிழ்நாட்டின் நூறு வருட அரசியலையே ஒரு சுற்று சுற்றி வந்ததுபோல இருக்கும். வாருங்கள், போய் வருவோம்.

சமாதி வேறு, மணிமண்டபம் வேறு!

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'சமாதி' என்றுதான் சொல்கிறோம். ஆனால் மூன்று வகை உண்டு. உடல் அடக்கம் செய்யப்பட்ட அல்லது தகனம் செய்யப்பட்ட இடத்தில் எழுப்பப்படுவது நினைவிடம். உடல் வேறெங்கோ இருக்க, மரியாதைக்காகக் கட்டப்படுவது மணிமண்டபம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் அம்பேத்கர் மணிமண்டபம் இதற்கு நல்ல உதாரணம். தலைவர் வாழ்ந்த வீட்டையே பாதுகாத்து வைத்தால் அது நினைவு இல்லம். தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் இல்லம், ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர் இல்லம் இரண்டும் அந்த வகை. அரசு நினைவிடங்களையும் மணிமண்டபங்களையும் பராமரிப்பது செய்தி மக்கள் தொடர்புத் துறை.

முதல் அடக்கம்: அண்ணா

மெரினா கடற்கரையை அரசியல் தலைவர்களின் நினைவிடமாக மாற்றியது ஒரு மரணம். 1969 பிப்ரவரி 3. முதலமைச்சராக இருந்தபோதே அண்ணா காலமானார். 'மெட்ராஸ் மாநிலம்' என்ற பெயர் 'தமிழ்நாடு' என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரி 14-ம் தேதி. பெயர் மாறி மூன்று வாரம்கூட ஆகவில்லை, மாற்றியவர் இல்லை.

அந்த இறுதி ஊர்வலத்தில் சுமார் ஒன்றரைக் கோடி பேர் கலந்துகொண்டதாக கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, கடற்கரை மணலில் அவரை அடக்கம் செய்தார்கள். எதையும் தாங்கிய இதயம் இங்கே உறங்குகிறது என்ற பொருளில் அவர் கல்லறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் யாரும் நகர்வதில்லை. பக்கத்திலேயே அணையா விளக்கு. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 3-ம் தேதி தி.மு.க-வினர் அமைதிப் பேரணியாக இங்கே வருகிறார்கள். கோஷம் போட்டே பழகிய கட்சிக்காரர்கள் வாய் திறக்காமல் நடந்து வரும் நாள் அது.

பக்கத்தில் வந்த எம்.ஜி.ஆர்

1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆரும் முதலமைச்சராக இருக்கும்போதே மறைந்தார். அண்ணாவின் பெயரைக் கட்சிக்கே வைத்தவருக்கு அண்ணாவுக்குப் பக்கத்திலேயே இடம் அமைந்தது. அடுத்த ஆண்டே அவருக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் மொட்டை போட்டுக்கொண்ட ரசிகர்கள், அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து போகிறவர்கள் என அந்தச் சமாதி ஒரு கோயில் மாதிரியே ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

தேதி ஒற்றுமை ஒன்றைக் கவனித்தீர்களா? பெரியார் மறைந்ததும் டிசம்பர் 24-தான், 1973-ல். ராஜாஜி மறைந்தது அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 25. ஜெயலலிதா டிசம்பர் 5. விஜயகாந்த் டிசம்பர் 28. தமிழ்நாட்டு அரசியலுக்கு டிசம்பர் கொஞ்சம் கனமான மாதம்தான்.

ஜெயலலிதா: சபதமும் தியானமும்

2016 டிசம்பர் 5-ம் தேதி இரவு ஜெயலலிதா காலமானார். அடுத்த நாள் மாலை, எம்.ஜி.ஆர் நினைவிட வளாகத்திலேயே சந்தனப் பேழையில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த சமூகத்தின் வழக்கப்படி தகனம் அல்லவா செய்ய வேண்டும் என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஆனால் அவர் அரசியலில் வந்த வழி அண்ணா, எம்.ஜி.ஆர் வழி. அவர்கள் மண்ணில் உறங்கும்போது இவரும் அங்கேதான் என்று கட்சி முடிவெடுத்தது.

சமாதி கட்டி முடிப்பதற்கு முன்பே அது அரசியல் மேடையாகிவிட்டது. 2017 பிப்ரவரி 7-ம் தேதி இரவு ஓ.பன்னீர்செல்வம் தனியாக வந்து, சுமார் 40 நிமிடம் கண்மூடி உட்கார்ந்தார். எழுந்து வந்து பேசியது தமிழ்நாட்டையே புரட்டிப் போட்டது. எட்டே நாளில், பிப்ரவரி 15-ம் தேதி, பெங்களூரு சிறைக்குப் போகும் வழியில் சசிகலா வந்தார். சமாதி மேல் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம் செய்தார். டி.வி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்த யாருக்கும் அந்த மூன்று அடியும் மறந்திருக்காது.

பீனிக்ஸ் பறவை வடிவத்தில் கட்டப்பட்ட நினைவிடம் 2021 ஜனவரி 27-ம் தேதி திறக்கப்பட்டது. அதே நாளில்தான் சசிகலாவின் தண்டனைக் காலம் முடிந்து விடுதலையானார்! ஜெயலலிதா வாழ்ந்த போயஸ் கார்டன் 'வேதா நிலையம்' கதை வேறு மாதிரி முடிந்தது. அதை நினைவு இல்லமாக்க அரசு கையகப்படுத்தியது. ஆனால் 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீடு வாரிசுகளிடம் போனது. நினைவிடத்துக்கு அரசு நிலம் போதும். நினைவு இல்லம் அவ்வளவு சுலபம் இல்லை என்பதைப் புரியவைத்த வழக்கு அது.

தூங்காத ஒரு ராத்திரி

மெரினாவின் கதையில் மறக்க முடியாத இரவு 2018 ஆகஸ்ட் 7. மாலை 6.10 மணிக்கு கருணாநிதி மறைந்தார். அண்ணாவுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று குடும்பமும் கட்சியும் கேட்டன. அப்போதைய அ.தி.மு.க அரசு மறுத்தது. மெரினாவில் நினைவிடம் அமைப்பதற்கு எதிராக வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, சட்டச் சிக்கல் உண்டு என்பது அரசு சொன்ன காரணம். கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே இரண்டு ஏக்கர் தருகிறோம் என்றது.

சிக்கலின் முடிச்சு எங்கே இருந்தது தெரியுமா? அண்ணா, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா மூவரும் பதவியில் இருக்கும்போது இறந்த முதலமைச்சர்கள். கருணாநிதி ஐந்து முறை முதலமைச்சராக இருந்தவர். ஆனால் இறக்கும்போது 'முன்னாள்' முதல்வர். ராஜாஜிக்கும் காமராஜருக்கும் கிண்டியில்தானே நினைவிடம் என்று அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியது. அண்ணாவின் தம்பி அண்ணாவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றது தி.மு.க தரப்பு.

ராத்திரியோடு ராத்திரியாக உயர் நீதிமன்றப் பொறுப்புத் தலைமை நீதிபதியின் வீட்டில் விசாரணை தொடங்கியது. நினைவிடங்களை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் தங்கள் மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள். மறுநாள் காலை விசாரணை தொடர்ந்தது. வெளியே ராஜாஜி அரங்கில் உடல் வைக்கப்பட்டிருக்கிறது, லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள், எங்கே அடக்கம் என்பதே யாருக்கும் தெரியாது. மெரினாவில் இடம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்ததும் மு.க.ஸ்டாலின் கைகூப்பியபடியே உடைந்து அழுத காட்சியை, கட்சி வித்தியாசம் பார்க்காமல் பலரும் கண்கலங்கிப் பார்த்தார்கள்.

அப்பா, அம்மாவை எங்கே வைப்பது என்று தவித்த எந்த வீட்டுக்கும் அந்த அழுகை புரியும். அரசியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அன்று மாலையே அண்ணா நினைவிட வளாகத்தில் அடக்கம் நடந்தது. 2.21 ஏக்கரில் 39 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட நினைவிடம் 2024 பிப்ரவரி 26-ம் தேதி திறக்கப்பட்டது. நிலத்துக்குக் கீழே 'கலைஞர் உலகம்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் நடத்திய 'முரசொலி' நாளிதழை தினமும் சமாதியில் வைக்கிறார்கள். காலையில் எழுந்ததும் பேப்பர் தேடிய மனிதருக்குச் செய்யும் மரியாதை!

இதற்கு அப்பால் கடலுக்குள் 134 அடி உயரத்தில் பேனா நினைவுச் சின்னம் என்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 2023 ஜனவரியில் கலைவாணர் அரங்கில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் அனல் பறந்தது. மீனவர்கள், சூழலியலாளர்கள், கட்சிக்காரர்கள் என ஆதரவும் எதிர்ப்பும் மோதின. ஒரு நினைவிடம் எங்கே முடிய வேண்டும், கடற்கரை எங்கே தொடங்க வேண்டும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

கிண்டி: சத்தமில்லாத வளாகம்

மெரினாவின் கூட்டத்திலிருந்து கிளம்பி சர்தார் படேல் சாலைக்கு வந்தால், வேறு உலகம். மரங்கள், நிழல், பறவைச் சத்தம். 1956 ஜனவரியில் திறக்கப்பட்ட காந்தி மண்டபம்தான் இங்கே முதலில் வந்தது. அதைச் சுற்றி ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் ஆகிய மூன்று முன்னாள் முதல்வர்களின் நினைவிடங்கள்.

காமராஜர் இறந்த நாளைப் பாருங்கள். 1975 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி. காந்தி பிறந்த நாளில் மறைந்தவருக்கு காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் தகனம் நடந்தது. அப்போது முதலமைச்சர் கருணாநிதி. வாழ்நாள் முழுக்க அரசியல் எதிரிகள்தான். ஆனாலும் முழு அரசு மரியாதையோடு அனுப்பி வைத்தார். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தும் தனக்கென்று சொந்த வீடு வைத்துக்கொள்ளாதவர் காமராஜர். கடைசி வரை அவர் இருந்தது வாடகை வீட்டில்தான். அந்த வீடுதான் இன்று தி.நகரில் நினைவு இல்லம்.

இதே வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும் நினைவு மண்டபம் இருக்கிறது. 1930-களில் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போய், ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசியவர். ஆனால் அவர் உறங்குவது இங்கே இல்லை. ஓட்டேரி இடுகாட்டில். ஒவ்வொரு செப்டம்பர் 18-ம் தேதியும் அவருடைய நினைவு நாளில் அங்கே மாலையோடு போகிறார்கள். சமாதி வேறு, மண்டபம் வேறு என்று முதலில் சொன்னோமே, அதற்கு இவரும் ஒரு சாட்சி.

ஆட்சிப் பதவி வகிக்காதவருக்கு அரசு மரியாதை

வேப்பேரியில் இருக்கும் பெரியார் திடலுக்குள் நுழைந்தால் பெரியார் நினைவிடம். எம்.எல்.ஏ, அமைச்சர் போன்ற பதவிகளில் உட்காராதவர். ஆனாலும் 1973-ல் கருணாநிதி அரசு அவருக்கு அரசு மரியாதை கொடுத்தது. மந்திரம் இல்லை, சடங்கு இல்லை. அவருக்குப் பின் இயக்கத்தை நடத்திய மணியம்மையார் 1978-ல் மறைந்தபோது, அவரையும் இதே திடலில் அடக்கம் செய்தார்கள்.

திராவிட இயக்கத் தலைவர்கள் பலர் எரிக்கப்படாமல் ஏன் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கும். கொள்ளி வைப்பது, அஸ்தி கரைப்பது போன்ற சடங்குகளை மறுத்த இயக்கம் அது. அதோடு, மண்ணில் அடக்கம் செய்தால் தொண்டர்கள் வந்து நிற்க ஓர் இடம் மிஞ்சுகிறது. நினைவு நாள், பிறந்த நாள், தேர்தல் வெற்றி, கட்சியில் புதுப் பொறுப்பு என எதற்கும் முதலில் போய் வணங்கும் இடமாக அது ஆகிவிடுகிறது.

மசூதி வளாகத்தில் ஒரு தமிழ்க் குரல்

மெரினாவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய மசூதி இருக்கிறது. அதன் வளாகத்தில் உறங்குகிறார் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நிறுவனத் தலைவர். திருநெல்வேலி பேட்டையில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, பழமையும் வளமும் உள்ள மொழிதான் வேண்டும் என்றால் தமிழையே வைக்கலாமே என்று வாதாடியவர். கேரளத்தின் மஞ்சேரி தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1972 ஏப்ரலில் மறைந்தார். ஜூன் 5-ம் தேதி அவர் பிறந்த நாளில் எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து மலர்ப் போர்வை போர்த்துகிறார்கள். மற்ற நாள்களில் தொழுகைக்கு வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று துவா செய்துவிட்டுப் போகிறார்கள். பெரிய தோரணவாயில் இல்லை, விளக்கு அலங்காரம் இல்லை. அந்த எளிமையும் அழகாகத்தான் இருக்கிறது.

மூலக்கொத்தளம்: யாரும் செல்ஃபி எடுக்காத சமாதிகள்

வடசென்னையில், பேசின் பிரிட்ஜுக்கு அருகே மூலக்கொத்தளம் இடுகாடு. 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துப் போராடிச் சிறை சென்ற நடராசன், 1939 ஜனவரியில் இறந்தார். அடுத்து மார்ச் மாதத்தில் தாளமுத்துவும் இறந்தார். இருவரும் இங்கேதான் உறங்குகிறார்கள். அவர்கள் தலைவர்கள் அல்ல. கட்சிப் பதவியும் இல்லை. ஆனால் எழும்பூரில் ஓர் அரசுக் கட்டடமே 'தாளமுத்து - நடராசன் மாளிகை' என்று அவர்கள் பெயரில் நிற்கிறது. அந்தப் பெயரைத் தினமும் படித்துக்கொண்டு பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு அவர்கள் யார் என்று தெரியும்?

அன்று இந்தியைக் கொண்டுவந்த அரசின் தலைவர் ராஜாஜி. அவருக்குக் கிண்டியில் பசுமையான வளாகம். எதிர்த்து நின்றவர்களுக்கு வடசென்னை இடுகாடு. 1960-களில் அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பது வரலாற்றின் திருப்பம். ஜனவரி 25, மொழிப்போர் தியாகிகள் நாளில் மட்டும் மூலக்கொத்தளத்தில் கார்கள் வரிசையாக நிற்கும். மற்ற 364 நாளும் அமைதி.

சாப்பாடு போடும் சமாதி

சுற்றின் கடைசியில் கோயம்பேடு. 2023 டிசம்பர் 28-ல் மறைந்த விஜயகாந்தை, அடுத்த நாள் தே.மு.தி.க தலைமை அலுவலக வளாகத்திலேயே அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். ஆனால் இங்கே வருகிறவர்கள் அரசியலைவிட அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சினிமா அலுவலகத்தில் யார் வந்தாலும் வயிறார அனுப்பியவர் என்பதால், சமாதியிலும் அன்னதானம் நடக்கிறது. மாலை போட்டுவிட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி.

நீங்களும் ஒரு நாள் போகலாம்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு இந்தச் சுற்றை ஒரே நாளில் முடிக்கலாம். காலையில் மூலக்கொத்தளம், அங்கிருந்து வேப்பேரி. மதியத்துக்குள் திருவல்லிக்கேணி மசூதி. தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போவது நல்லது. வெயில் குறையும் நேரத்தில் கிண்டி. கடைசியாக, காற்று வாங்கிக்கொண்டே மெரினா. கோயம்பேடு மட்டும் எதிர்த் திசை, அதை இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். 'கலைஞர் உலகம்' பார்க்க முன்பதிவு செய்துவிட்டுப் போனால் அலைச்சல் இல்லை.

போகும்போது பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவருக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெருசு, அவருக்கு ஏன் சின்னதா இருக்கு?" அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால், தமிழ்நாட்டு வரலாறு முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது பதவி இருந்ததா, ஆட்சியில் யார் இருந்தார்கள், வழக்கு யார் போட்டார்கள், பின்னால் கட்சி இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு சமாதியின் அளவைத் தீர்மானிக்கின்றன. செய்த வேலையின் அளவுக்கும் சலவைக்கல்லின் அளவுக்கும் பல நேரம் சம்பந்தமே இருப்பதில்லை.

அதனால் மெரினாவில் எம்.ஜி.ஆர் சமாதியில் காதை வைக்கும் அந்தப் பாட்டியைப் பார்த்தால் கிண்டல் செய்யாதீர்கள். அவருக்குக் கேட்பது கடிகாரச் சத்தம் இல்லை. சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறாரோ, டூரிங் டாக்கீஸில் பார்த்த முதல் படத்தை நினைத்துக்கொள்கிறாரோ, யார் கண்டது!

அப்படியே அடுத்த முறை மூலக்கொத்தளம் பக்கம் போனால், அங்கேயும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அங்கே காதை வைத்துக் கேட்க யாரும் வருவதில்லை.